கடன் கொப்பியும் கணனியும்: நமது கணக்கை நாமே அமைப்போம்

"கடைக்கு எந்த சொப்ட்வெயார் வாங்கினால் நல்லது?" பதுளை, பண்டாரவளைப் பக்கத்து வியாபார சகோதரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்கள் கடையில் பணம் எங்கே நிற்கிறது?" கொழும்பில் கடை வைத்திருப்பவர் "சரக்கில் நிற்கிறது" என்பார். தெமோதரையிலோ ஹாலிஎலயிலோ தோட்டத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடன் கொப்பியில்தான்" என்பார். அந்தப் பதிலிலேயே அவருக்கு என்ன தேவை என்பது தெரிந்துவிடுகிறது.

தெமோதரையில் எனக்குத் தெரிந்த சில்லறைக் கடை ஒன்றில் நல்ல விலை கொடுத்து ஒரு பில் போடும் மென்பொருள் வாங்கினார்கள். பார்கோட் படிக்கும், ரசீது அடிக்கும், நாள் முடிவில் விற்பனைத் தொகையைக் காட்டும். ஆனால் அந்தக் கடையின் வியாபாரத்தில் பெரும் பகுதி தோட்ட மக்களுக்குக் கொடுக்கும் கடன். சம்பளம் பத்தாந் திகதியளவில் வரும். ஒரே கணக்கில் கணவன் அரிசி எடுப்பார், மனைவி பால்மா எடுப்பார், மகன் கொப்பி பென்சில் எடுப்பான். சம்பள நாளில் முழுவதும் கட்டமாட்டார்கள், ஒரு பகுதி கட்டுவார்கள். ஒரே டிவிஷனில் நான்கு லெட்சுமி, மூன்று ராமையா இருப்பார்கள். இவை எதுவும் அந்த மென்பொருளுக்குத் தெரியாது. "நானா, போன மாசம் நான் கட்டின காச கழிச்சீங்களா?" என்று கேட்கும் அக்காவுக்குப் பதில் சொல்ல முதலாளி மறுபடியும் பழைய கொப்பியைத்தான் புரட்டினார். ஒரு நிரல் கூட்டித் தரும்படி கேட்கலாம் என்றால், மென்பொருளைச் செய்து கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார்.

அந்தக் கடைக்கு வேண்டியிருந்தது அந்த முதலாளிக்கு மட்டுமே தெரிந்த ஒரு கணக்கு முறை. அதைக் கணனியில் அமைக்க மென்பொருள் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுதுவினைஞரோ பொறியியலாளரோ இல்லாத சாதாரண வியாபாரி தன் கையால் செய்துகொள்ள முடியும். அதைத்தான் இவ்வாரம் பாடமாகத் தருகிறேன்.

வேலை தெரிந்தவரே வழி சொல்வார்

தெமோதரை ரயில் வளைவு எல்லோருக்கும் தெரியும். பதுளைக்கு 1924இல் ரயில் வந்தது. செங்குத்தான சரிவில் பாதையை இறக்க வழி தெரியாமல் தவித்த பொறியியலாளருக்கு, தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் சுற்றிக் கட்டிய ஒரு கங்காணியைப் பார்த்ததும் யோசனை பிறந்தது என்று எங்கள் பக்கத்தில் ஒரு செவிவழிக் கதை உண்டு. இன்றும் ரயில் நிலையத்திலிருந்து புறப்படும் வண்டி, மலையைச் சுற்றி வந்து, அதே நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கத்தினூடாகப் போகிறது.

கணனி உலகிலும் இப்படி நடந்திருக்கிறது. 1978இல் அமெரிக்காவின் ஹாவர்ட் வணிகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார் டேன் பிரிக்லின். கரும்பலகையில் எழுதிய கணக்கில் ஒரு எண் மாறினால் மற்ற எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருப்பதை அவர் வகுப்பில் கவனித்தார். ஒன்றை மாற்றினால் மற்றவை தாமே மாறும் ஒரு தாள் இருந்தால் என்ன என்ற யோசனை அங்கே வந்தது. நண்பர் பொப் பிராங்ஸ்டன் அதற்கான நிரலை எழுதினார். 1979இல் விசிகல்க் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்செல் என்று அந்த வழியில் அடுத்தடுத்து வந்தன. கணனி மொழி எதுவும் தெரியாத கணக்காளரும் கடைக்காரரும் தங்களுக்கு வேண்டிய கணக்கைத் தாங்களே அமைத்துக்கொள்ள அன்றுதான் கதவு திறந்தது.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். இந்தியாவில் ஷியாம் சுந்தர் கோயங்கா நெசவாலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிப்பாகங்களும் விற்று வந்த வியாபாரி. தன் கணக்குக்குப் பொருத்தமான மென்பொருள் எதுவும் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் செய்து தரச் சொன்னார். 1986இல் அப்படித் தொடங்கியதுதான் இன்றைய டெலி. கணக்குகளுக்கெல்லாம் குறியீட்டு எண் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பெயரைச் சொன்னாலே போதும் என்று வைத்தார்கள். ஒரு வியாபாரியின் தேவையிலிருந்து பிறந்ததால்தான் வியாபாரிகளுக்கு அது பிடித்தது. ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ நிறுவனம் 2006இல் கொண்டுவந்த ஸோஹோ கிரியேட்டரில், படிவத்தில் எந்தப் பெட்டிகள் வேண்டும் என்று நாம் சொன்னால் மென்பொருள் உருவாகிவிடும். கூகுள் 2020இல் வாங்கிய அப்ஷீட், ஒரு விரிதாளைக் கைத்தொலைபேசிச் செயலியாக மாற்றித் தருகிறது.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடி விரிதாள்தான். அதை முதலில் கற்றுக்கொள்வோம். எக்செல் இல்லையென்றால் கூகுள் ஷீட்ஸும் லிப்ரே ஒபிஸும் இலவசம்.

கடன் வசனம் சொல்லும் ஒழுங்கு

அல்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது தெரியுமா? சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல, கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியே அது பேசுகிறது. அதன் கருத்தைக் கணக்கு அமைப்பவன் என்ற முறையில் பார்த்தால் நமக்கு நான்கு விதிகள் கிடைக்கின்றன.

ஒன்று, தவணைக் கடன் சிறிதோ பெரிதோ சோம்பாமல் எழுதப்பட வேண்டும். இரண்டு, எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும். மூன்று, வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவர். அதாவது நமது கொப்பியில் நாம் எழுதுவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். நான்கு, கைக்குக் கை நடக்கும் ரொக்க வியாபாரத்தை எழுதாமல் விட்டாலும் குற்றமில்லை.

இந்த நான்காவது சலுகை நமக்குப் பெரிய உதவி. கணனிக் கணக்கு தொடங்கும் பலர் முதல் நாளே ஒவ்வொரு தேங்காயையும் தீப்பெட்டியையும் பதியப் போய், பத்து நாளில் களைத்துக் கைவிடுகிறார்கள். ரொக்க விற்பனைக்கு நாள் முடிவில் ஒரே தொகை போதும். கடனை மட்டும் ஒன்று விடாமல் பதியுங்கள்.

பாடம்: மூன்று தாள்கள்

ஒரு புதிய கோப்பைத் திறந்து மூன்று தாள்கள் அமையுங்கள்.

முதல் தாள் "ஆட்கள்". ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடையின் சொந்த இலக்கம் ஒன்று கொடுங்கள். பிறகு பெயர், தோட்டம், டிவிஷன், லயன் இலக்கம், தொலைபேசி. நான்கு லெட்சுமி இருந்தாலும் 117 என்ற இலக்கம் ஒருவருக்குத்தான். ஒருவர் கணக்கை முடித்துப் போனாலும் அந்த இலக்கத்தை வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் தாள் "பதிவு". திகதி, ஆள் இலக்கம், விபரம், எடுத்தவர், கடன், வரவு என்று ஆறு நிரல்கள். ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு நிரை. சாமான் எடுத்தால் தொகை "கடன்" நிரலில் விழும், காசு கட்டினால் "வரவு" நிரலில் விழும். இந்தத் தாளில் இடையிடையே கூட்டுத்தொகை எழுதக் கூடாது, வெற்று நிரை விடக் கூடாது, கலங்களை ஒன்றாக இணைக்கக் கூடாது. பிழையாக எழுதினால் அழிக்காமல், கீழே "திருத்தம்" என்று இன்னொரு நிரை போடுங்கள். கொப்பியில் கோடு போட்டு வெட்டுவதற்கு இது சமம். பின்னால் கேள்வி வந்தால் நடந்தது தெரியும்.

மூன்றாம் தாள் "நிலுவை". இதில் நாம் தொகை எதையும் எழுதுவதில்லை, கணனிதான் எழுதும். முதல் நிரலில் ஆள் இலக்கம், இரண்டாவதில் பெயர். மூன்றாவதில் மொத்தக் கடன், அதற்கு சம்இஃப் என்ற சூத்திரம் இருக்கிறது. அதற்கு மூன்று விடயம் சொன்னால் போதும்: எந்த நிரலில் தேடுவது, எதைத் தேடுவது, எந்த நிரலைக் கூட்டுவது. "பதிவுத் தாளின் ஆள் இலக்க நிரலில் 117ஐத் தேடு, அந்த நிரைகளில் உள்ள கடனைக் கூட்டு" என்பதே அதன் பொருள். அதே சூத்திரத்தை வரவு நிரலுக்கு மாற்றினால் மொத்த வரவு கிடைக்கும். கடனிலிருந்து வரவைக் கழித்தால் நிலுவை.

ஓர் உதாரணம். 117ஆம் இலக்கக் குடும்பத்தின் பழைய நிலுவை 6,450 ரூபா. அந்த மாதத்தில் 1,280, 740, 2,365 என்று மூன்று முறை சாமான் எடுத்தார்கள். மொத்தக் கடன் 10,835. சம்பள நாளில் 5,000 கட்டினார்கள். நிலுவை 5,835. இதைப் பத்துப் பேருக்கு கையால் கூட்டலாம். இருநூறு குடும்பத்துக்குக் கூட்டும்போதுதான் கை தவறும், மனம் தவறும், சச்சரவு வரும்.

பழைய கொப்பியிலிருந்து மாறும் நாளைக் கவனமாகத் தெரிவு செய்யுங்கள். சம்பள நாளில் ஆட்கள் கடைக்கு வருவார்கள். அப்போது ஒவ்வொருவரிடமும் பழைய நிலுவையை வாசித்துக் காட்டி, அவர் "சரி முதலாளி" என்று ஒப்புக்கொண்ட தொகையை "பழைய நிலுவை" என்று முதல் நிரையாகப் பதியுங்கள். கடன்பட்டவரே சொல்ல வேண்டும் என்ற விதி இங்கே நிறைவேறுகிறது. அதன் பிறகும் மாதத்துக்கு ஒரு முறை நிலுவையை ஒரு சிறு துண்டில் எழுதிக் கொடுங்கள், அல்லது குறுஞ்செய்தியில் அனுப்புங்கள். வாசிக்கத் தெரியாத வயதானவர் என்றால், அவர் பிள்ளைக்கு முன்னால் வாசித்துக் காட்டுங்கள்.

அவகாசத்துக்கு ஒரு நிரல்

கடையில் வாங்கும் சில மென்பொருள்களில், தவணை தாண்டிய கடனுக்குத் தாமதக் கட்டணம் தானாக ஏறும் வசதி இருக்கும். நமக்கு அது வட்டி. அப்படி ஒன்று இருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும். நாமே அமைக்கும் தாளில் அந்த இடத்தில் வேறொன்று வைக்கலாம். கடன் வசனத்துக்கு இரண்டு வசனம் முன்னால், 280இல், கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்லப்படுகிறது. ஆகவே "ஆட்கள்" தாளில் "அவகாசத் திகதி" என்று ஒரு நிரல் சேருங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் ஏற்பட்டதை நாம் மறக்கவில்லை. அப்படி ஒரு காலத்தில் யாருக்கு எது வரை அவகாசம் கொடுத்தோம் என்று எழுதி வைத்தால், முதலாளி இல்லாத நேரம் கடையில் நிற்கும் பையன் அந்த வீட்டாரிடம் கடுமையாகப் பேசமாட்டான். வேறொருவர் செய்த மென்பொருளில் இப்படி ஒரு நிரலைக் கேட்டு வாங்க எத்தனை நாள் அலைய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாறும் எண்களுக்குத் தனி இடம்

அடுத்த விதி மிக முக்கியமானது. மாறக்கூடிய எந்த எண்ணையும் சூத்திரத்துக்குள் எழுதாதீர்கள். "விகிதம்" என்று நான்காவது தாள் ஒன்று வைத்து அங்கே எழுதுங்கள். சூத்திரம் அந்தக் கலத்தைப் பார்த்துக் கணக்கிடட்டும்.

காரணம் நமது நாட்டு அனுபவம். 8 சதவீதமாக இருந்த வட் வரி 2022 ஜூனில் 12 ஆனது. அதே ஆண்டு செப்டெம்பரில் 15 ஆனது. 2024 ஜனவரியில் 18 ஆனது. இரண்டு வருடத்துக்குள் மூன்று மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்த கடைகள் உண்டு. விகிதத்தைத் தனிக் கலத்தில் வைத்திருந்தவருக்கு அது ஒரு நிமிட வேலை. பணியாளர் சம்பளத்தில் ஈ.பி.எப். பணியாளர் பங்கு 8, முதலாளி பங்கு 12, ஈ.டி.எப். 3 என்ற சதவீதங்களையும் அங்கேயே வையுங்கள்.

ஸகாத் தாள்

மூன்று தாளும் பழகிவிட்டால் ஐந்தாவதாக ஸகாத் தாளை அமைக்கலாம். ஒரு பக்கம் விற்பனைச் சரக்கின் பெறுமதி, கையிலும் வங்கியிலும் உள்ள பணம், வரவேண்டிய கடன். வரவேண்டிய கடனை "நிலுவை" தாளே தந்துவிடும். மறுபக்கம் மொத்த வியாபாரிகளுக்கு நாம் கொடுக்க வேண்டியது. ராக்கை, பிரிட்ஜ், சாமான் ஏற்றும் லொறி ஆகியவை இதில் சேராது.

சரக்கு 18,50,000, பணம் 4,20,000, வரவேண்டியது 6,10,000 என்றால் மொத்தம் 28,80,000. கொடுக்க வேண்டியது 9,80,000. மிச்சம் 19,00,000. நாற்பதில் ஒரு பங்கு 47,500 ரூபா. நிஸாபை 85 கிராம் தங்கத்தின் அன்றைய விலையோடு ஒப்பிட அதே "விகிதம்" தாளில் தங்க விலைக்கு ஒரு கலம் வையுங்கள். சரக்கை எந்த விலையில் மதிப்பிடுவது, வராத கடனை என்ன செய்வது போன்றவற்றை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு, அவர் சொன்னபடி சூத்திரத்தை அமையுங்கள்.

ஒரு விடயம் பலர் கவனிப்பதில்லை. ஸகாத்தின் ஆண்டு சந்திர ஆண்டு. அது ஆங்கில ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. ஒவ்வொரு மார்ச் முடிவிலும் கணக்கு மூடும்போதே ஸகாத்தையும் கணக்கிடுபவர், 33 ஆங்கில ஆண்டில் 34 சந்திர ஆண்டு கடந்திருப்பதை அறியமாட்டார். ஒரு முழு வருட ஸகாத் அவருக்குத் தெரியாமலே விடுபட்டுவிடும். முந்திய ஸகாத் திகதியோடு 354ஐக் கூட்டும் ஒரு கலம் அமைத்தால், அடுத்த நாள் எப்போது நெருங்குகிறது என்று தாளே ஞாபகப்படுத்தும். சரியான நாளைப் பிறை பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

பெரியவர்கள் விழுந்த குழிகள்

நாமே அமைக்கும் கணக்கில் பிழையும் நம்முடையது. 2020 ஒக்டோபரில் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொரோனாத் தொற்றாளர்களின் விபரம் கணக்கிலிருந்து விடுபட்டது. பழைய எக்செல் கோப்பு முறையில் 65,536 நிரைக்கு மேல் இடமில்லை; மிஞ்சியவை சத்தமில்லாமல் வெளியே விழுந்தன. 2010இல் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரொகொப் என்ற இரு பொருளியலாளர்கள் நாடுகளின் கடன் பற்றி வெளியிட்ட ஆய்வில், சராசரிச் சூத்திரம் ஐந்து நாடுகளைச் சேர்க்காமல் விட்டிருந்தது. 2013இல் தோமஸ் ஹேர்ண்டன் என்ற மாணவர் அதைக் கண்டுபிடித்தார்.

நமது கடைக்கு இதற்கான மருந்து எளிது. "நிலுவை" தாளின் அடியில், எல்லோருடைய நிலுவைகளையும் கூட்டுங்கள். பக்கத்துக் கலத்தில், "பதிவு" தாளின் முழுக் கடனிலிருந்து முழு வரவைக் கழியுங்கள். இரண்டும் ஒரு சதம் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் வந்தால், யாரோ ஒருவரின் இலக்கம் பிழையாக விழுந்திருக்கிறது அல்லது சூத்திரம் கடைசி நிரை வரை போகவில்லை. அதைத் தேடிப் பிடிக்காமல் கடையை மூடாதீர்கள்.

பெயர்களை யூனிகோட் தமிழில் எழுதுங்கள். பாமினி எழுத்துருவில் எழுதினால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கள்தான். அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் திறந்தால் ஒன்றும் விளங்காது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குக் கடையை மூடும்போது கோப்பின் பிரதி ஒன்றை பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கள். மழை வெள்ளம் கடைக்குள் வந்தாலும் கணக்கு தப்பும். மாதம் ஒரு முறை நிலுவைத் தாளை அச்சிட்டு வையுங்கள். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. அப்படி ஒரு நாளில் கடதாசிதான் கைகொடுக்கும்.

யாரிடம் கற்பது, எப்போது விடுவது

சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படித்த மகனோ மகளோ நமது பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு விரிதாள் பாடத்திலேயே உண்டு. பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். ஆனால் விசைப்பலகை உங்கள் கையில் இருக்கட்டும். பிள்ளை சொல்ல நீங்கள் அடித்த சூத்திரத்தை நீங்கள் திருத்துவீர்கள். பிள்ளை அடித்துக் கொடுத்ததைத் திருத்த, அவர் பல்கலைக்கழகம் போன பிறகு யாரைத் தேடுவீர்கள்? உதவி செய்யும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சூத்திரங்களை ஒளித்து வைத்துப் பூட்டாதீர்கள். ஒவ்வொரு தாளின் மேலும், இது எதற்கு, எந்த நிரலில் எழுதலாம், எதைத் தொடக் கூடாது என்று தமிழில் இரண்டு வரி எழுதி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் இது போதும் என்று நான் சொல்லவில்லை. வட் பதிவு பெற்ற வியாபாரம், இரண்டு மூன்று கிளைகள், ஒரே நேரத்தில் பலர் பில் போடும் கடை ஆகியவற்றுக்கு ஆயத்த மென்பொருளும் கணக்காளரும் தேவை. அப்போதும் வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எனது பதிவுகள் முழுவதையும் எக்செல் கோப்பாக நானே எடுக்க முடியுமா? வரி விகிதத்தை நானே மாற்ற முடியுமா? புதிதாக ஒரு நிரல் வேண்டுமென்றால் யார் செய்வார், எவ்வளவு? முதல் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் அதை வாங்காதீர்கள். மூன்று தாள் கணக்கை ஆறு மாதம் நடத்திப் பார்த்தவருக்கு, தனக்கு என்ன வேண்டும் என்று விற்பவரிடம் தெளிவாகச் சொல்லவும் தெரியும்.

வரும் சம்பள நாளிலேயே தொடங்குங்கள். முதல் மாதம் கொப்பியையும் விடாமல் இரண்டிலும் எழுதுங்கள். மாத முடிவில் இரண்டும் ஒத்துவந்தால் கொப்பியை அலுமாரியில் வையுங்கள். நீங்கள் கற்றதைப் பக்கத்துக் கடைக்காரருக்கும் ஒரு மாலைப் பொழுதில் காட்டிக் கொடுங்கள்.

கடன் கொப்பி நமது பணத்தின் கணக்கு மட்டுமல்ல. மலையில் கொழுந்து பறித்து உழைத்த ஒரு குடும்பம் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதமும் அதற்குள் இருக்கிறது. அதில் ஒரு ரூபா கூடுதலாக விழுந்தாலும் நாளை மறுமையில் நாமே பதில் சொல்ல வேண்டும். அதைச் சரியாக எழுதி வைக்கும் ஆற்றலையும், ஹலாலான வியாபாரத்தில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!